ஒரே பேனா

உவர்மலை இறக்கத்தில், பின்சில்லுக்குக் கல் வைத்து
நிற்கிறது வெள்ளைக் கார்.
"ஹாண்ட் பிரேக் பிடிக்கும் மிஸ்ஸி,
கல்லு சும்மா ஒரு பாதுகாப்புக்கு"
என்கிறான் கிறிசாந்தன்.
நான் கல்லைத்தான் முதலில் வாசித்தேன்.

பிறகு தந்தான் சேர்விஸ் புத்தகத்தை,
பிறந்த பிள்ளையைத் தருவதுபோல் இரண்டு கையாலும்.
பிளாஸ்ரிக் உறை. மடியாத மூலைகள்.
பதினான்கு முத்திரை, பதினான்கும் நிமிர்ந்து.
ஐயாயிரம். பத்தாயிரம். பதினையாயிரம்.
எழுபதாயிரம் வரைக்கும்
ஒரு கிலோமீற்றர் கூடவோ குறையவோ இல்லை.
எந்தக் கார் ஐயாயிரம் முடிந்த அந்த நிமிஷம்
கராஜ் வாசலில் போய் நிற்கும்?
இந்த ஊரில் மான் ஒன்று றோட்டைக் கடந்தாலே
ஐந்து நிமிஷம் பிந்துகிறது.

எல்லா வரியும் ஒரே நீலம்.
ஏழுக்கு நடுவே அதே சின்னக் கோடு.
ஏழு வருஷமாய் ஒரு பேனா தொலையாமல் இருந்திருக்கிறது.
எங்கள் வார்ட்டில் ஒரு பேனா
ஒரு டியூட்டியைத் தாண்டாது.

எட்டாவது முத்திரையில் விரலை வைத்தேன்.
2022, ஜூன் முப்பது.
அதற்கு முந்தியது மே பத்து.
ஐம்பது நாளில் ஐயாயிரம்.
அந்த ஜூனில் நான்
மூன்று இரவு பெற்றோல் வரிசையில்
ஸ்கூட்டி மேல் தலை வைத்துத் தூங்கினேன்;
பிறகு தம்பியின் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்,
வெள்ளை யூனிபோமில் செயின் கறுப்போடு.
இந்தக் கார் மட்டும் எதைக் குடித்து ஓடியது?

திங்கட்கிழமைகளில் சீனி வருத்தக் கிளினிக்.
கொப்பிகள் வரும்.
தைப்பொங்கலன்றும் நூற்றிப்பத்து,
மகளின் கலியாணத்தன்றும் நூற்றிப்பத்து,
எல்லாம் ஞாயிறு இரவு குந்தியிருந்து எழுதிய நூற்றிப்பத்துகள்.
நான் ஏசுவதில்லை.
வடிவான எழுத்து என்று சொல்லி, விரலைப் பிடித்துக் குத்துவேன்.
ஒரு துளி.
இருநூற்றி எண்பத்தி நாலு.

"பொனட்டைத் திறவுங்கோ தம்பி."
ஒயில் கம்பியை இழுத்து, துடைத்து,
திரும்ப விட்டு இழுத்தேன்.
நுனியில் ஒரு துளி,
தார் மாதிரி. கருகின மணம்.
போன மாதம்தான் மாற்றியது என்கிறது முத்திரை.

அவன் கல்லைப் பார்த்தான்.
"நானும் இந்தப் புத்தகத்தை நம்பித்தான் மிஸ்ஸி வாங்கினனான்.
கடைசி ரெண்டும்தான் என்ர."
பேனா?
"அதுவும் புத்தகத்தோடதான் வந்தது."

பின்னேரம் பாலம் தாண்டிக் கிண்ணியா.
மன்சிலின் சாம்பல் நிறக் கார். புத்தகம் இல்லை.
ஒரு ஷொப்பிங் பை நிறைய பில்,
ஒன்று மீன்கடைச் சிட்டையின் பின்பக்கம்.
43,218: ஒயில், பில்டர்.
47,906: ரேடியேட்டர் ஒழுக்கு.
48,350: திரும்பவும் ஒழுக்கு; 'சரியில்ல' என்று அடிக்கோடு.
பிறகு எட்டு மாசம் ஒன்றுமில்லை,
ஒரு துண்டுக் கடுதாசி தவிர:
'வாகனம் ஓடல்ல. பெற்றோல் இல்ல.
பற்றரி கழட்டி வெச்ச.'
அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்தேன்.

ஆனால் ரேடியேட்டருக்கு மூன்றாவது பில் இல்லை.
ஒழுக்கு நின்றதா, எழுதுவது நின்றதா?
வருத்தம் மாறினவரும் கொப்பியை நிறுத்துவார்,
முற்றினவரும் நிறுத்துவார்.

பில்லில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன்.
சுத்தியல் சத்தத்துக்கு மேலால் ஒரு குரல்:
"மன்சில்ட காரா? அந்த மனிசன் பெரிய தலையிடி.
சின்னச் சத்தம் கேட்டாலும் கொண்டுவந்து போட்டுட்டு
பக்கத்திலயே குந்திக்கிட்டு இருப்பார்.
புது ரேடியேட்டர் போட்டாச்சி.
பில் எழுத நான்தான் மறந்த."

குனிந்து அடியைப் பார்த்தேன்.
உப்புக்காற்று, இரண்டு இடத்தில் துரு.
அது எந்தப் பையிலும் இல்லை.
அதற்கு நாற்பதாயிரம் குறைக்கச் சொல்லிவிட்டு
தேத்தண்ணிக்குச் சம்மதித்தேன்,
சீனி இல்லாமல்.